வெயில் ஊரில் ஒரு ஹீட்டர்காரன்

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஹீட்டர் ரிப்பேர்காரனுக்கு என்ன வேலை என்று என்னைக் கேலி செய்யாத ஆள் அன்னவாசலில் கிடையாது. சித்திரை வெயிலில் சட்டை முதுகோடு ஒட்டிக் கிடக்கும்போதுதான் டீக்கடையில் ஆரம்பிப்பார்கள். "அண்ணே, எங்க வீட்டு ஹீட்டரக் கொஞ்சம் பாத்துக் கொடுங்களேன், ஒடம்பெல்லாம் நடுங்குது." நானும் சளைத்தவன் இல்லை. "ஒன் வாய்க்கு மொதல்ல ஒரு வால்வு மாட்டுறேன், அப்பறம் ஹீட்டரப் பாக்கலாம்" என்று திருப்பிக் கொடுப்பேன்.

போன மார்கழிக்குப் பிறகு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. எங்கள் பகுதி பிளம்பர் சங்கத்துப் பிள்ளைகள் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லிக் கேட்டதே அந்த மார்கழிச் சமாசாரத்தைத்தான். ஆனால் அதை மட்டும் பிய்த்து எடுத்துச் சொல்ல முடியாது. நான் வேலை பார்த்த இடத்தையும், என்னை வேலை வாங்கிய மனுஷரையும் சொன்னால்தான் அது விளங்கும்.

வேலை பார்த்தது வடக்கே, மலைமேல் ஒரு ராணுவக் குடியிருப்பில். ஐ.டி.ஐ.யில் பைப் ஃபிட்டர் படித்தேன். பட்டாளத்தில் இருந்த உறவுக்காரர் ஒருவர் சொல்லி, விண்ணப்பம் போட்டு, வேலை கிடைத்தது. பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்று சட்டையை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு, மூக்கை உறிஞ்சியபடி மற்றவர்களுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

நம்மூரில் பைப் துருப்பிடித்து உடையும். அங்கே தண்ணீரே பைப்பை உடைக்கும். உறைந்தால் தண்ணீர் பருத்துக்கொள்ளும். இரும்பு என்றும் பார்க்காது, பிளந்துவிடும். அதனால் பனி விழும் முன் ஒரு வேலை, பனிக்குள் ஒரு வேலை, பனி உருகிய பின் ஒரு வேலை என்று வருஷமே மூன்றாகப் பிரிந்து கிடக்கும். ஆள் இல்லாத வீடுகளில் மெயின் வால்வை மூடி, எல்லாக் குழாய்களையும் திறந்து, பைப்பில் ஒரு மடக்குத் தண்ணீர்கூட நிற்காமல் வடித்துவிடுவோம். ஆள் இருக்கும் வீடுகளில் வெளியே தெரியும் பைப்புக்கெல்லாம் கம்பளியும் சாக்கும் சுற்றிக் கட்டுவோம். குளிர் கடுமையான நாட்களில் ஒரு குழாயைச் சொட்டவிட்டே வைக்க வேண்டும். ஓடுகிற தண்ணீர் சீக்கிரம் உறையாது. தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதைப் புரியவைப்பதற்குள் எனக்கு உயிர் போய்விடும். குழாய் சொட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று, நான் படி இறங்கும் முன்பே இறுக்கி மூடிவிடுவார்கள். மறுநாள் காலையில், "பைப்பு வெடிச்சிருச்சுண்ணே" என்று வந்து நிற்பார்கள்.

உறைந்த பைப்பை இளக்கவும் முறை உண்டு. தீயைக் காட்டக் கூடாது. குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, வெந்நீரில் நனைத்த துணியைக் குழாய்ப் பக்கமிருந்து சுற்றிச் சுற்றி உள்பக்கமாகப் போக வேண்டும். நடுவில் சூடு காட்டினால், இளகிய தண்ணீருக்கு வெளியே வர வழி இருக்காது. முதல் தடவை நான் சுற்றிய துணிக்குப் பைப் ஒரு கனைப்புக் கனைத்துவிட்டுக் கடகடவென்று தண்ணீரைத் துப்பியது. நான் போட்ட சத்தத்தில் அந்த வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அடேயப்பா, அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

ஆனால் பைப் வெடித்தால் பைப்போடு போயிற்று. ஆளையே கொண்டுபோகிற வேலை இன்னொன்று இருந்தது. வீட்டைச் சூடாக்க அங்கே புகாரி என்று ஓர் இரும்பு அடுப்பு வைத்திருப்பார்கள். அதன் புகை குழாய் வழியாகக் கூரைக்கு மேலே போய்விடும். அந்தக் குழாயில் கரி அடைக்காமல் தேய்த்து எடுப்பதும், அறையின் வென்டிலேட்டர் திறந்திருக்கிறதா என்று பார்ப்பதும் எங்கள் பொறுப்பு. அடுப்பு எரியக் காற்று வேண்டும். மூடிய அறையில் காற்றுப் பற்றாமல் போனால் அடுப்பு ஒரு நச்சுக் காற்றைக் கக்கும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தலை வலிக்கும், கிறுகிறுக்கும், தூக்கம் வருவது போல இருக்கும். அப்படியே போய்விட வேண்டியதுதான்.

இதை மனசில் ஆணி அடித்த மாதிரி கற்றுக் கொடுத்தவர் எங்கள் ஓவர்சியர் நேகி சாப். மலைக்காரர். காதை மூடிய கம்பளிக் குல்லாய், அதற்கு மேல் ஒரு மஃப்ளர். அதட்டிப் பேசி நான் கேட்டதே இல்லை. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் டீ வாங்கிக் குடிப்பார், பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். பிறகு மெதுவாக ஒரு பீடியைப் பற்றவைத்து வென்டிலேட்டர் பக்கம் நீட்டுவார். புகை வெளியே இழுத்துக்கொண்டு போனால் தலையாட்டுவார். தொங்கிக்கொண்டு நின்றால் என்னைத் திரும்பிப் பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நாலு திட்டு வாங்கிவிடலாம்.

ஒரு குளிர்காலத்தில் ஒரு சிப்பாய் வீட்டைச் சோதித்துவிட்டு வந்தோம். வென்டிலேட்டர் பளிச்சென்று திறந்திருந்தது, புகை ஜோராக வெளியேறியது. நான் அடுத்த வீட்டுக்குக் கிளம்பினேன். நேகி சாப் நகரவில்லை. அவர் இந்தியில் சொன்னதை நம் பேச்சில் சொல்கிறேன்.

"அந்த வென்டிலேட்டர் சுவத்துல பாத்தியா? சுத்தி மட்டும் அழுக்கே இல்ல, துணி ஒரசித் தொடச்சிருக்கு. ஏதோ துணிய அடைச்சு அடைச்சு எடுத்திருக்காங்க. நம்ம வர்றோம்னு எடுத்து வச்சிருக்காங்க."

சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பப் போனோம். கதவைத் தட்டினால் பதில் இல்லை. தோளால் இடித்துத் திறந்தோம். வென்டிலேட்டரில் ஒரு ரஜாய், பஞ்சு வைத்துத் தைத்த போர்வை, திணித்திருந்தது. புகாரி எரிந்துகொண்டிருந்தது. புருஷன், பெண்டாட்டி, குழந்தை மூன்று பேரும் மயங்கிக் கிடந்தார்கள். ஒவ்வொருவராக இழுத்துப் பனியில் போட்டோம். அந்தக் குழந்தை வீரிட்டு அழுதபோது நேகி சாப் குல்லாயைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்று பேரும் பிழைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அவர் எனக்குச் சொன்னதை நான் மறக்கவே இல்லை.

"நீ பாக்குறப்ப வீடு எப்படி இருக்குங்கிறது கணக்கில்ல. அவங்க எப்படிப் பொழங்குறாங்களோ அப்படி வச்சுப் பாரு. எவ்வளவு நேரம் பொழங்குறாங்களோ அவ்வளவு நேரம் பாரு."

ஓய்வு பெற்று ஊருக்கு வந்து சேர்ந்தேன். வந்த இடத்தில்தான் டீக்கடைக் கேலியெல்லாம். சரி, இனிமேல் நம் வித்தைக்கு வேலை இல்லை என்று நானும் தோட்டத்துக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டுக்கொண்டு இருந்தேன். போன மார்கழியில் என் தங்கை அஞ்சலை திருமயத்துக்குப் பக்கத்திலிருந்து போன் செய்தாள். பேச முடியாமல் அழுதாள்.

அஞ்சலைக்கு ஒரே மகள், பவித்ரா. கந்தர்வக்கோட்டைப் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை. பிரசவத்துக்குத் தாய் வீடு வந்தவளுக்கு ஆண் குழந்தை. எல்லாம் நல்லபடியாக இருந்தது. ஆனால் தலைக்கு ஊற்றிய இரண்டு தடவையும் பவித்ரா குளியலறையிலேயே மயங்கி விழுந்துவிட்டாள். முதல் தடவை அசதி என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவது தடவை, பேரனைப் பார்க்க வந்திருந்த மாமியார் பொன்னழகு கண் முன்னாலேயே நடந்துவிட்டது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலில் போட்டபோது கை கால் வெட்டி வெட்டி இழுத்ததாம். காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் தெளிந்துவிட்டாள். அங்கே எடுத்த டெஸ்டில் ஒன்றுமில்லை. எதற்கும் ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள்.

நரம்பு டாக்டர் என்ற அந்த ஒரு சொல் போதாதா? "வலிப்பு உள்ள புள்ளைய மறைச்சுக் கட்டி வச்சுட்டீங்க" என்று பொன்னழகு தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டார். பேரனைத் தான் தூக்கிக்கொண்டு போவதாகவும், பவித்ரா வைத்தியம் பார்த்துக் குணமான பிறகு வந்தால் போதும் என்றும் பேச்சு. மகனுக்கும் போனில் சொல்லியாகிவிட்டது. பச்சைக் குழந்தையைத் தாயிடமிருந்து பிரிக்கப் பார்க்கிறார்கள் என்று கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது. அடுத்த பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.

போனவன் முதலில் பார்த்தது அந்தக் குளியலறையைத்தான். சுவரில் புத்தம்புதிதாக ஒரு கேஸ் ஹீட்டர். பிரசவத்துக்கு வெந்நீர் தாராளமாக வேண்டுமே என்று மாப்பிள்ளை பணம் அனுப்பிப் போட்டது. சிலிண்டர் வெளியே கொல்லையில் இருந்தது, ட்யூப் சுவர் வழியாக உள்ளே வந்தது. எனக்குப் பொறி தட்டிவிட்டது. "சம்பந்தியம்மா, புள்ளைக்கு வலிப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த ஹீட்டர்தான்" என்று சட்டென்று சொல்லிவிட்டேன். எனக்கு முன்கோபமும் உண்டு, முந்திரிக்கொட்டைத்தனமும் உண்டு.

பொன்னழகு இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "அதே ஹீட்டர்லதான் நானும் குளிச்சேன். ஒங்க தங்கச்சி வீட்டுக்காரரும் குளிக்கிறாரு. எங்களுக்கெல்லாம் வராத மயக்கம் ஒங்க மருமவளுக்கு மட்டும் எங்கிட்டு இருந்துண்ணே வருது?"

நியாயமான கேள்வி. நான் ஓர் ஊதுபத்தியைப் பற்றவைத்து வென்டிலேட்டரில் காட்டினேன். வென்டிலேட்டர் நன்றாகத் திறந்திருந்தது. புகை சந்தோஷமாக வெளியே போனது. ஹீட்டரையும் ஓடவிட்டுப் பார்த்தேன், சுடர் நீலமாக எரிந்தது.

"என்னண்ணே, மருமவளப் பாக்க வந்தீங்களா, பாத்ரூம்ல சாமி கும்பிட வந்தீங்களா?" என்றார் பொன்னழகு. கொல்லையில் நின்ற பக்கத்து வீட்டுப் பெண்கள் சிரித்துவிட்டார்கள். கட்டிலில் கிடந்த பவித்ராவின் முகம் சுண்டிப் போனது. வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

அப்போதுதான் நேகி சாப் சொன்னது நினைவுக்கு வந்தது. அவர்கள் எப்படிப் புழங்குகிறார்களோ அப்படி வைத்துப் பார். அஞ்சலையைத் தனியாக அடுப்படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

"பவித்ராவுக்குத் தண்ணி ஊத்துறப்ப என்னென்ன பண்ணுவேன்னு ஒண்ணு விடாம சொல்லு."

"என்ன பண்ணுவேன்... பச்ச ஒடம்புண்ணே. மார்கழிப் பனி பட்டா ஜன்னி வந்துருமேன்னு வென்டிலேட்டர்ல பழைய வேட்டியத் திணிச்சிருவேன். கதவுக்குக் கீழ சாக்கப் போட்டு மிதிச்சுவிட்டுருவேன். குளிச்சு முடிச்சதும் எல்லாத்தையும் எடுத்துக் காயப் போட்டுருவேன்."

"எவ்வளவு நேரம் ஊத்துவே?"

"மேலுக்கு ஊத்தி, இடுப்புக்கு ஊத்தி, வயித்துக்கு ஊத்தி, தலைக்கு ஊத்தி... நம்ம வழக்கந்தான், ஒனக்குத் தெரியாதா? அண்டா காலியாகக் கூடாதுன்னு கொழாயத் தெறந்தே விட்டுருப்பேன்."

மற்றவர்கள் இரண்டு வாளியில் குளித்துவிட்டு வந்துவிடுகிறார்கள். வென்டிலேட்டரும் திறந்திருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு மட்டும்தான் அறையை அடைத்துக்கொண்டு ஹீட்டர் ஓயாமல் எரிகிறது. ஆனாலும் ஒன்று இடித்தது. பக்கத்திலேயே நின்று தண்ணீர் ஊற்றுகிற அஞ்சலைக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?

"அஞ்சல, மறைக்காமச் சொல்லு. ஒனக்குத் தலை சுத்துச்சா இல்லையா?"

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். "சுத்துச்சுண்ணே. ரெண்டு தடவையும் மண்டை வெடிக்கிற மாதிரி வலிச்சுச்சு. துண்டு எடுக்கப் போற மாதிரி வெளிய வந்து சுவத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். வெளிய சொன்னா, ஆத்தாளுக்கு இருக்கு, அதான் மகளுக்கும் வந்திருக்குன்னு பேசிருவாகள்ல? அதான் வாயத் தெறக்கல."

அட பாவி மகளே என்று அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வெளியே வந்து நின்றதால்தான் அவள் விழாமல் இருந்திருக்கிறாள். உள்ளேயே உட்கார்ந்திருந்தவள் விழுந்திருக்கிறாள். மகளைக் காப்பாற்ற வேண்டிய சாட்சியை மகளுக்காகவே ஒளித்து வைத்திருந்தாள் என் தங்கை. குழந்தையை வாசல் வெயிலில் வைத்துக் குளிப்பாட்டியதால் அது தப்பித்தது.

நான் வாசலுக்குப் போய், "சம்பந்தியம்மா, இன்னொரு தடவை சாமி கும்பிடப் போறேன், வாங்க" என்றேன்.

"நானே உள்ள உக்காந்து காட்றேன், எனக்கு என்ன ஆகுதுன்னு பாப்போம்" என்று அவர் புடவையை வரிந்து கட்டினார்.

"வேணாம் தாயி. ஒங்கள உள்ள வச்சுப் பூட்டுனா ஒங்க மகனுக்கு யாரு பதில் சொல்றது? வெளிய நின்னே பாக்கலாம்."

அஞ்சலையைக் கூப்பிட்டு, பவித்ராவுக்குச் செய்கிற மாதிரியே செய்யச் சொன்னேன். வேட்டியைத் திணித்தாள். ஹீட்டரை ஓடவிட்டு, வெந்நீர்க் குழாயை அண்டாவுக்குத் திறந்துவிட்டு வந்தாள். கதவைச் சாத்திச் சாக்கை மிதித்து அடைத்தாள். உள்ளே யாரும் இல்லை. அந்தக் கதவுக்கு மேலே வெளிச்சத்துக்காக ஒரு கண்ணாடி பதித்திருந்தது. அதற்கு நேர் எதிர்ச் சுவரில்தான் ஹீட்டர். அதன் முகத்தில் சுடர் தெரிகிற சின்ன ஓட்டை. பொன்னழகை ஸ்டூலில் ஏற்றிவிட்டேன்.

"என்ன தெரியுது?"

"நீலமா எரியுது. ஸ்டவ் மாதிரி. வேற என்ன தெரியும்?"

"பாத்துக்கிட்டே இருங்க."

முதலில் முணுமுணுத்தார். கால் வலிக்கிறது என்றார். வெற்றிலையை எடுத்து ஸ்டூலில் நின்றபடியே மடித்துப் போட்டுக்கொண்டார். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. நேகி சாப், என் மானத்தைக் காப்பாற்று என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

வெற்றிலையை மென்றுகொண்டிருந்த வாய் நின்றது.

"அண்ணே... மஞ்சளா எரியுதுண்ணே!"

"நல்லாப் பாருங்க."

"நல்லாத்தான் பாக்குறேன். நாக்கு நீட்டி நீட்டி எரியுது. ஆத்தாடி, மேல கரி ஏறுது." அவர் ஸ்டூலிலிருந்து குதிக்காத குறையாக இறங்கினார். "அடுப்பு மஞ்சளா எரிஞ்சா சட்டிக்கே ஆகாதே. அடி கரியாப் போயிருமே. இந்தக் காத்தையா எம் மருமவ குடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா?"

நான் விளக்க வேண்டிய வேலையே இல்லாமல் போய்விட்டது. அடுப்படியில் ஆயுசைக் கழித்த பெண்பிள்ளைக்கு அந்த மஞ்சள் சுடரே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. கொல்லைக்கு ஓடிப்போய் சிலிண்டரை மூடினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவை அகலத் திறந்துவிட்டு, எல்லாரையும் முற்றத்துக்கு விரட்டினேன். அஞ்சலை அப்போதுதான் தனக்கும் தலை சுற்றியதைச் சம்பந்தியிடம் சொன்னாள். பொன்னழகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் ஏந்தாயி இம்புட்டுப் பேசியிருக்கப் போறேன்" என்று கண் கலங்கினார்.

அதோடு அவர் விடவில்லை. நேரே தெருவுக்குப் போனார். வலிப்பு வலிப்பு என்று எந்த வீட்டு வாசல்களில் நின்று சொன்னாரோ அதே வாசல்களில் நின்று, அதே தொண்டையில், "எம் மருமவளுக்கு ஒரு கொறையும் இல்ல. ஹீட்டருதான் கோளாறு. ஒங்க வீட்டு ஹீட்டரயும் போயிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். மகனுக்கும் போன் போட்டு ஒரு பாட்டம் திட்டினார். ஹீட்டர் வாங்கிக் கொடுத்தவன் அவன்தானே! அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

ஆஸ்பத்திரியில் விவரம் சொல்லி பவித்ராவை மறுபடி காட்டிக்கொண்டு வந்தோம். பயப்பட ஒன்றுமில்லை, அந்த அறையில் மட்டும் இனிமேல் ஹீட்டர் கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். நான் அன்றே ஹீட்டரைக் கழற்றினேன். கொல்லைச் சுவரின் வெளிப்பக்கம், மேலே ஒரு தகரம் சார்த்தி, திறந்த காற்றில் மாட்டினேன். வெந்நீர் பைப்பை மட்டும் சுவரைத் துளைத்து உள்ளே கொண்டு வந்தேன். மலைமேல் செய்கிற மாதிரியே அந்தப் பைப்புக்குச் சாக்குச் சுற்றிக் கட்டினேன். சூடு வீணாகாது. பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "எங்க வீட்டுலயும் வந்து இப்பிடிப் போட்டுக் கொடுங்கண்ணே" என்றார். அந்த வாரம் முழுக்க எனக்கு அந்தத் தெருவில்தான் வேலை. சங்கத்துப் பிள்ளைகளே வந்து கூட நின்று செய்தார்கள். இப்போது குளியலறைக்குள் கேஸ் ஹீட்டர் மாட்டித் தரச் சொன்னால் முடியாது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்கள். இனி என்னை எவன் கேலி செய்வான்?

மூன்றாவது தடவை தலைக்கு ஊற்றுகிற நாள் வந்தது. பொன்னழகு ஊருக்குப் போகாமல் அதற்காகவே காத்திருந்தார். பேரனைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக் கதவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். வென்டிலேட்டர் திறந்து கிடந்தது. அஞ்சலை வழக்கப்படி மேலுக்கு, இடுப்புக்கு, வயிற்றுக்கு என்று சாவகாசமாக ஊற்றிக்கொண்டிருந்தாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தெரிந்தும், நான் முற்றத்துக்கும் கொல்லைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன்.

"போதும்மா, சுடுது!" என்று உள்ளேயிருந்து பவித்ரா கத்தினாள். எனக்கு அந்தக் கத்தல் நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

கதவு திறந்தது. இரண்டு தடவையும் தூக்கிக்கொண்டு வரப்பட்டவள், தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகம் சிவந்து, தன் காலால் நடந்து வந்தாள். நிலைப்படியைத் தாண்டியதும் மாமியார் தோளில் கிடந்த குழந்தையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கேட்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

பொன்னழகு எழுந்து போய்க் குழந்தையை அவள் கையில் வைத்தார்.

"இந்தா, ஒம் புள்ளயப் பிடி. தை பொறந்ததும் ரெண்டு பேரையும் சேத்துத்தான் கூட்டிக்கிட்டுப் போவேன்."